வில்லியனூரும் பாகூரும்: ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் துணைவலி

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வரலாற்றாசிரியர்க்குச் சான்று நிரம்பிய சுரங்கமாகவும், மொழிநூலார்க்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கின் பதிவாகவும் பயன்பட்டு வந்துள்ளது. இலக்கியத் திறனாய்வாளரோ பெரும்பாலும் அதனை வாயிற்கண் நிறுத்திவிட்டனர். பிறமொழிச் சொல் மலிந்தது, தொடரமைப்புத் தளர்ந்தது, எழுத்துப் பிழை மிகுந்தது என்பன அவர்கள் காட்டும் காரணங்கள். இவை உண்மையே. ஆயினும், போர்க்காலத்தே நட்பும் பகையும் இடம் மாறும் திறத்தை உரைப்பதற்கு அக்காலத் தமிழில் இவ்வுரைநடையினும் ஏற்ற கருவி வேறு இருந்ததா என்னும் வினாவை எழுப்பினால், இந்நூலுக்குரிய இடம் வேறாகத் தோன்றும். அவ்வினாவைப் புதுச்சேரியை அடுத்த இரண்டு ஊர்களை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

போரில் துணை என்பது பழந்தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. வலியறிதல் அதிகாரத்துள் அரசன் எடைபோட வேண்டியவற்றுள் துணைவலியும் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றுள்ளது. அத்துணையை இருதிறத்தார்க்கும் துணையாவோர் எனப் பரிமேலழகர் விரித்தமை கருதத்தக்கது. பகைத்திறம் தெரிதலிலோ, துணையற்ற ஒருவனுக்குப் பகைவர் இருவராயின் அவருள் ஒருவனைத் துணையாக்கிக்கொள்ளும் வழி கூறப்படுகிறது. புறநானூற்றின் 58-ஆம் பாட்டில், சோழனும் பாண்டியனும் ஒருங்கிருந்தமை கண்டு மகிழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், அந்நட்பைப் பிரிக்க முயல்வார் சொல்லுக்குச் செவி கொடுக்க வேண்டா என்று இருவரையும் வேண்டுகிறார். ஆகவே கூட்டு முறியும் என்னும் அச்சம் பழம்புலவர் நெஞ்சில் இருந்தது. ஆனால் புறத்திணை மரபு முறிந்த கூட்டைப் பாடுவதற்கு இடம் தரவில்லை. தலையாலங்கானத்துப் போரில் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவரும் எண்ணாலேயே பெரிதும் நினைக்கப்படுகின்றனர். அவ்வெழுவர் எவ்வாறு கூடினர், எவர் முதலில் தளர்ந்தார் என்பன பாட்டின் பொருள் ஆகவில்லை. வாகை சூடியவன் ஒருவன் இருந்தாலன்றி அம்மரபு வாய் திறப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கருநாடக நாட்டில் நிகழ்ந்த போர்களோ இவ்விலக்கணத்துக்கு அடங்காதவை. 1744-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஐரோப்பாவில் பகைகொண்டு பொருதனர். அதன் தொடர்ச்சியாக 1746-இல் இலபூர்தொன்னே சென்னையைக் கைப்பற்றினார். அந்நகரைத் தமக்குத் தருவதாகக் கூறிய துய்ப்ளேயின் சொல்லை நம்பிய ஆற்காட்டு நவாபு அன்வருதீன், அச்சொல் பொய்த்தபோது படையனுப்பினார். அடையாற்றங்கரையில் பரதீசு என்னும் தலைவனின் சிறு படை நவாபின் மகன் மாபூசுகானின் பெரும்படையைச் சிதறடித்தது. அன்றுவரை கும்பினியார் நவாபுக்கு நசர் கட்டி வணங்கி வாணிகம் செய்தவர். அன்று மாலை முதல் அவருடைய நட்பு விலைமதிப்புடைய பண்டம் ஆயிற்று. ஐரோப்பியச் சண்டை ஒன்று, அதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத நாட்டின் வலிநிலையை ஒரே நாளில் மாற்றியமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இனி நிகழ்ந்தது இன்னும் விந்தை. 1748-இல் ஐரோப்பாவில் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. சென்னை மறு ஆண்டே ஆங்கிலேயரிடம் திரும்பியது. இரு முடியரசுகளும் அமைதியில் இருந்தமையின் புதுச்சேரியாரும் தேவனாம்பட்டினத்தாரும் தம் பெயரால் போரிட இயலாது. எனவே ஒருவர் சந்தாசாகிபுக்கும் மற்றவர் முகம்மதலிக்கும் துணைப்படை என்னும் பெயர் பூண்டனர். 1749 ஆகத்துத் திங்களில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் மாண்டார். வென்ற சந்தாசாகிபு தமக்குத் துணைசெய்த பிரெஞ்சுக்காரர்க்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களை வழங்கினார். துணைக்குக் கைம்மாறு நிலம் என்னும் இவ்வேற்பாட்டில்தான் நம் இரண்டு ஊர்களும் பேரரசுகளின் கணக்கில் ஏறின.

இவ்வூர்களின் இயல்பை அறியாதார்க்கு இக்கொடையின் பொருள் விளங்காது. புதுச்சேரி கடலை நோக்கிய கோட்டை நகர். அதன் உணவு மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரவேண்டும். மேற்கே சங்கராபரணி ஆற்றின் பக்கம் வில்லியனூர், செஞ்சிச் சாலைக்கு வாயிலாக நிற்கிறது. ஊசுட்டேரி அதற்கு அணித்து. தெற்கே பாகூர், பெரிய ஏரியும் பெண்ணையாற்று வாய்க்கால் நீரும் உடைய நெல்வயல் நாடு. அதனைத் தாண்டினால் கடலூரும் ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினக் கோட்டையும். ஒன்று புதுச்சேரியின் கதவு, மற்றொன்று களஞ்சியம் எனலாம். பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு பாகூரில் ஒரு வித்தியாத்தானத்துக்கு ஊர்கள் விடப்பட்ட செய்தியைத் தருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கல்விக்கு இறையிலி விடப்பெற்ற மண், பதினெட்டாம் நூற்றாண்டில் படைத்துணைக்குக் கூலியாயிற்று.

அக்கூலியைப் பெற்றவர் நெடுங்காலம் அமைதியாக நுகரவில்லை. 1750 தொடக்கத்தில் நாசர் சங்கு பெரும்படையோடு வழுதாவூர்ப் பக்கம் பாளையமிறங்கினார். பிரெஞ்சுப் படைத்தலைவர் பலர் தம் கூலிக் குறையால் சினந்து பதவி துறந்தனர்; படை புதுச்சேரிக்குள் பின்வாங்கியது; முசபர் சங்கு தம் மாமனாகிய நாசர் சங்கிடம் அடைக்கலம் புகுந்து சிறைப்பட்டார். எட்டுத் திங்கள் கழித்து, திசம்பரில், நாசர் சங்கு செஞ்சியருகே தம் கூட்டத்துப் பட்டாணிய நவாபுகளாலேயே கொல்லப்பட்டார். சிறையிலிருந்த முசபர் சங்கு சுபேதார் ஆனார். புதுச்சேரியில் நிகழ்ந்த அவர் பட்டமேற்பு விழாவில் துய்ப்ளே முகலாயப் பிரபுவின் உடை பூண்டு பட்டமும் விருதும் பெற்றார். இரண்டு திங்களும் செல்லுமுன் அதே பட்டாணியர் முசபர் சங்கை எதிர்த்தனர். அச்சண்டையில் அவரும் மாண்டார். இந்நிகழ்ச்சிகளை எந்தத் திணையில் வைப்பது? தும்பை எனின் எதிர்த்து நின்றவர் யார்? வாகை எனின் சூடியவன் தலை அடுத்த மாதம் இருந்ததா?

நாட்குறிப்பின் சிறப்பு இவ்விடத்தே புலனாகிறது. 1736-இல் அதனைத் தொடங்கியபோது, தாம் கேட்டனவும் கண்டனவும் கப்பல் வரவும் போக்கும் எழுதுவதே தம் நோக்கம் எனப் பிள்ளை கொண்டார். வணிகன் தன் வரவுசெலவு ஏட்டை முடிவு தெரிந்தபின் எழுதுவதில்லை, அன்றன்றே எழுதுகிறான். இன்றைய வரவு நாளைய இழப்பாதலும் கூடும் என்பது அவ்வேட்டின் உள்ளியல்பு. புலவனுக்குத் தலைவன் வேண்டும், முடிவு வேண்டும். வணிகனுக்கு நாள் மட்டுமே வேண்டும். ஆதலின் யார் எவர்பக்கம் சாய்கிறார் என்பது உறுதிப்படாத நாள்களை எழுதும் வாய்ப்பு இவ்வுரைநடைக்குக் கிடைத்தது. ஆற்காட்டிலிருந்து வந்த கடிதம், அரிக்காரன் கொணர்ந்த வாய்ச்செய்தி, சந்தையில் பரவிய பேச்சு ஆகியவற்றைப் பிள்ளை ஒன்றாகக் குழைத்துவிடுவதில்லை. கேட்டதைக் கேட்டதாகவே எழுதுகிறார். இதனை வெறும் நேர்மை என்று பாராட்டி அமைவது போதாது. நட்பு உறுதியற்றிருக்கும் காலத்தை நடையளவிலேயே உணர்த்தும் உத்தியாக இது அமைந்துவிட்டது.

வேறொன்றும் உண்டு. வலி இடம் மாறுவதை அவர் முடிபுரையாகக் கூறுவது அரிது. எத்தனை பீரங்கி போடப்பட்டது, எதிர்கொண்டு அழைக்க எவர் எவ்வளவு தொலை சென்றார், நசர் எவ்வளவு, பல்லாக்கில் வந்தவர் எங்கே இறங்கினார் என்பனவற்றை எண்ணி வைக்கிறார். மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இவை சலிப்பூட்டும். ஆயினும் 1746-க்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், மரியாதைக் கணக்கே நாட்டின் வலிக்கணக்கு என்பது விளங்கும். துய்ப்ளே நவாபின் உதவியாளர் என்னும் பெயர் மாறவே இல்லை; விழாவில் அமரும் முறை மட்டும் மாறியது. பெயரளவில் துணையானவன் செயலளவில் தலைவனாகும் இம்மாற்றத்தை உடன்படிக்கைப் பத்திரங்கள் மறைத்தன. பிள்ளையின் எண்ணிக்கை ஏடு மறைக்கவில்லை.

பிறமொழிச் சொற்கள் பற்றிய குற்றச்சாட்டையும் இவ்வொளியில் மீண்டும் நோக்குதல் வேண்டும். குவர்னர், கோன்சேல், சொலுதாது என்பன ஒருபுறம். சுபேதார், நசர், பவுஞ்சு என்பன மறுபுறம். இச்சொற்கள் எழுத்தாளனின் அசட்டையால் புகுந்தவை அல்ல. ஒவ்வொரு துணைவனும் தன் சொல்லோடு வந்தான். சொலுதாது என்ற இடத்தில் வீரன் என்று எழுதியிருந்தால் தமிழ் தூய்மை பெற்றிருக்கும். கூலிக்கு வந்த வெள்ளைக் காலாளுக்கும் குதிரையேறி வந்த பவுஞ்சுக்கும் உள்ள வேறுபாடு அழிந்திருக்கும். தூய தமிழ் நடையில் ஈடுபாடு மிக்க எமக்கும் இதனை ஒப்புக்கொள்வதன்றி வேறு வழி தோன்றவில்லை.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கன பிள்ளையைப் பாடிய நூல்கள். தியாகராச தேசிகரின் ஆனந்தரங்கக் கோவை அகப்பொருள் நூல். அதில் பிள்ளை பாட்டுடைத் தலைவராக நின்று புகழ் பெறுகிறார். சீனிவாச கவி வடமொழியில் இயற்றிய ஆனந்தரங்க விசய சம்பு 1752-இல் தோன்றியது. அது காலத்து அரசியலையும் தொட்டு, பிள்ளையின் புகழைப் போர் நிகழ்ச்சிகளோடு இணைத்துப் பாடுகிறது. அவ்வாண்டைச் சற்றே ஊன்றி நோக்குக. 1752 சூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தாசாகிபு தஞ்சைத் தளபதி மானோசியின் ஆணையால் கொல்லப்பட்டார். பிள்ளையின் தலைவராகிய துய்ப்ளேயின் திட்டம் அடித்தளம் பெயர்ந்து நின்ற ஆண்டு அது. விசயம் என்னும் சொல்லை நூற்பெயரில் தாங்கிய காவியம் அவ்வாண்டிலேயே பிறந்தமை காலத்தின் நகை எனலாம். கவியைக் குறைகூறல் நம் கருத்தன்று. அவர் கைக்கொண்ட இலக்கிய வகை வெற்றியை மட்டுமே எழுதவல்லது.

அவ்வாண்டின் ஆவணியில், ஆங்கீரச ஆண்டு, பாகூரில் போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் நூல்களில் இது ஆகத்து 26 என்றும், பிரெஞ்சுக் கணக்கில் செப்தம்பர் 6 என்றும் காணப்படும். அப்பொழுது இரு நாட்டுக் காலக்கணக்கும் 11 நாள் வேறுபட்டிருந்தன. அச்செப்தம்பரிலேயே இங்கிலாந்து புதுக்கணக்குக்கு மாறியது. ஆய்வாளர் இதில் இடறுவதுண்டு. இலாரன்சு தலைமையிலான ஆங்கிலப் படை முதலில் பிரெஞ்சுப் படையைப் புதுச்சேரிப் பக்கம் ஒதுக்கியது. அமைதிக்காலம் ஆகலின் பிரெஞ்சு எல்லைக்குள் புகுந்து தாக்க அதற்கு ஆணை இல்லை. எனவே அது பாகூருக்குப் பின்வாங்கியது. துய்ப்ளேயின் உறவினன் கெர்சான் அதனைத் தொடர்ந்து சென்றான். விடியற்காலைச் சண்டையில் தோற்றுச் சிறைப்பட்டான்.

இப்போரில் பொருத படைகளைக் காட்டிலும் பொராத படை ஒன்றே நம் பொருளுக்கு வேண்டுவது. திருச்சிராப்பள்ளியை முகம்மதலிக்காகக் காத்தவருள் மைசூர் நஞ்சராசனும் மராட்டியத் தலைவன் முராரிராவும் அடங்குவர். திருச்சிராப்பள்ளியைத் தருவேன் என்று நஞ்சராசனுக்கு வாக்களித்திருந்த முகம்மதலி, சந்தாசாகிபு ஒழிந்தபின் அவ்வாக்கைக் கைவிட்டார். பொதுப்பகை மாண்ட அன்றே கூட்டுக்கும் ஆயுள் முடிந்தது. நஞ்சராசன் உள்ளம் புதுச்சேரிப் பக்கம் திரும்பியது. இன்னிசுகான் என்பவன் தலைமையில் மராட்டியக் குதிரைப்படை ஒன்று பிரெஞ்சுக்காரரோடு சேரும் கருத்தோடு வந்துகொண்டிருந்தது. பாகூரின் முடிவு வழியிலேயே அதற்கு எட்டியது. அப்படை நேரே இலாரன்சின் பாளையத்துக்குச் சென்று, போரில் உதவும் வாய்ப்பை இழந்தோமே என்று வருந்துவது போல் காட்டிக்கொண்டது. பரிமேலழகர் இருவர்க்கும் துணையாவோர் என்றபோது இருதிறத்தார்க்கும் தனித்தனியே அமைந்த துணைவரை எண்ணியிருப்பார். ஒரே படை காலையில் ஒருவர்க்கும் மாலையில் மற்றவர்க்கும் துணையாகும் நிலையை அவ்வுரை எதிர்நோக்கவில்லை. பாகூர் வெற்றி அக்கட்சி மாற்றத்தைச் சில திங்களே தள்ளிவைத்தது. பின்னர் மைசூராரும் முராரிராவும் பிரெஞ்சுக்காரரோடு வெளிப்படையாகவே சேர்ந்தனர். எனினும் அச்சில திங்கள் துய்ப்ளேக்குப் பெருவிலை ஆயின. 1754-இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.

எட்டு ஆண்டு கழித்து வில்லியனூரில் ஏறத்தாழ இதே காட்சி மீண்டது. 1756-இல் ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டதால் துணைப்படை என்னும் திரை வேண்டாதாயிற்று. 1760 சனவரியில் வந்தவாசியில் தோற்ற இலாலி, ஐதரலியோடு உடன்பாடு செய்துகொண்டு, தியாகதுருக்கம் முதலிய கோட்டைகளைத் தர இசைந்து மைசூர்க் குதிரைப்படையையும் உணவுப்பொருளையும் வரவழைத்தார். சூலையில் மைசூர்ப் படை திருவதிகைப் பக்கம் ஓர் ஆங்கிலப் பிரிவை முறியடித்துவிட்டுப் புதுச்சேரியை அடைந்தது. அப்பொழுது கூட்டு என்பவர் வில்லியனூர்க் கோட்டையை முற்றியிருந்தார். அதனை மீட்கப் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் நெருங்கிய வேளையில் கோட்டைத் தலைவன் சரணடைந்தான். வந்தவர் கண்ணுக்குக் கோட்டைமேல் ஆங்கிலக் கொடியே பட்டது. மைசூரார் ஊக்கம் குன்றினர். சில கிழமைக்குள் நாடு திரும்பினர். ஐதரலிக்குத் தன் நாட்டிலேயே நேர்ந்த இடரும் அதற்குக் காரணம் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் சிறு கோட்டை ஒன்று இன்னும் சிலநாள் தாங்கியிருப்பின் புதுச்சேரிக்கு நெல் வரும் வழி அத்துணை விரைவில் அடைபட்டிராது. உழிஞைத்திணை மதிலை முற்றுதலையும் கொள்ளுதலையும் வகுத்துப் பேசுகிறது. மதில்மேல் ஏறிய கொடியைத் தொலைவில் நின்று பார்த்துத் திரும்பிச் செல்லும் துணைவனுக்கு அதில் துறை இல்லை.

அதன்பின் நேர்ந்தது பசி. நவம்பரில் உணவு குறைந்தபோது 1,400 பேர் அளவிலான உள்நாட்டு மக்களை இலாலி நகரினின்று வெளியேற்றினார். ஆங்கிலேயரும் அவர்களை அப்பால் செல்ல விடவில்லை. இரு படைக்கும் இடையே அவர்கள் எட்டு நாள் கிடந்தனர். எவர் துணையும் அல்லாதார் போரில் எய்தும் நிலை அது. 1761 சனவரி 12-ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். 16-ஆம் நாள் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது.

நாட்குறிப்பின் குறையையும் ஈண்டு கூறாதொழிதல் தகாது. பிள்ளை தம் தலைவரின் புகழைப் பேசும் இடங்களில் அவர் உரைநடை சம்புவின் வடமொழியினும் தளர்ந்தது. துய்ப்ளேயின் முன்னிலையில் தாம் கூறிய முகமன்களை அவர் தயக்கமின்றிப் பதிந்துவைக்கிறார். 1748 செப்தம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றியிருந்தபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்ச்சியில் இவ்விரண்டு இயல்பும் ஒருங்கே வெளிப்படுகின்றன. பகைவன் வாயிலில் நிற்கும் வேளையில் நகருக்குள்ளும் வலிநிலை மாறியது. பாதிரிமாரும் துய்ப்ளே மனைவியாரும் நெடுநாள் வேண்டியிருந்தது முற்றுகைக் காலத்தே எளிதில் முடிந்தது. பிள்ளை அதனைத் துயரத்தோடு எழுதுகிறார். ஆனால் துபாசி தம் பதவிக்கு ஊறு நேராத அளவிலேயே துயரப்படுகிறார். அப்பகுதியைத் தமிழ் உரைநடையின் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்று என்றே யாம் கருதுகிறோம். எழுதியவரின் உயர்வினால் அவ்வாறு கூறவில்லை. அவர் தம்மை மறைக்க முயன்றும் மறைக்கவியலாத அளவு நிகழ்ச்சி அணித்தே நிற்றலினால் கூறுகிறோம்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. வில்லியனூர் என்றால் வருவாய், பாகூர் என்றால் குத்தகை என்னும் கணக்கே நகரத்து வணிகர் கண்ணில் முதலில் படுவது. ஏரி மதகைத் திறந்தவன், பாளையத்துக் குதிரை மேய்ந்த வயலுக்கு உரியவன் ஆகியோரின் குரல் அவ்வேட்டில் மிக அரிதாகவே கேட்கிறது. கேட்டதை எல்லாம் எழுதப் புகுந்தவர்க்கும் கேளாத செவிப்புறம் ஒன்று இருந்தது.

அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில், 1783-இல், வெர்சேல் நகரில் பிரெஞ்சு அரசும் ஆங்கில அரசும் செய்த உடன்படிக்கை புதுச்சேரியைத் திருப்பித் தருவதோடு, அதனைச் சூழ்ந்த சார்பு நிலமாக வில்லியனூர், பாகூர் என்னும் இரண்டு பகுதிகளையும் பெயர்சுட்டி உறுதி செய்கிறது. சந்தாசாகிபின் கைம்மாறு முப்பத்துநான்கு ஆண்டு கழித்து இரு முடியரசர்களின் எழுத்தில் இடம்பெற்றது. வழங்கியவர், பெற்றவர், பாடியவர், நாள்தோறும் எழுதியவர் எவரும் அன்று உயிருடன் இல்லை. புதுச்சேரி நிலம் தமிழ்நாட்டு ஊர்களோடு துண்டுதுண்டாகக் கலந்து கிடக்கும் இன்றைய வரைபடத்திற்கு மூலம் இத்தகைய கொடைகளும் உடன்படிக்கைகளுமே. நாட்குறிப்பின் தமிழ்மூலம் 1948 முதல் தொகுதிகளாக அச்சேறி வந்திருப்பதால், அதில் துணை, உதவி, சினேகம், பகை என்னும் பொருளில் வரும் சொற்களையெல்லாம் ஆண்டுவாரியாகத் தொகுத்து, 1746, 1749, 1752 ஆகிய ஆண்டுகளின் முன்னும் பின்னும் அவற்றின் ஆட்சி எவ்வாறு வேறுபடுகிறது என்று காண்டல் இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.